மறதி வரவில்லை, திண்ணையில் பிள்ளைகள் வந்தார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செப்டம்பர் 21, உலக அல்சைமர் நாளை ஒட்டி உங்கள் பத்திரிகையில் வந்த மறதி நோய்க் கட்டுரையைப் படித்தேன். அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. சாவியை வைத்த இடம் மறப்பது, பேரன் பெயர் மறப்பது, சாப்பிட்டதை மறந்துவிட்டுத் திரும்பவும் சோறு கேட்பது என்று அறிகுறிகளை எழுதியிருந்தீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் இதே கட்டுரையை நான்கு வருடத்துக்கு முன்னால் படித்திருந்தால், நல்லவேளை, நம்ம அப்பாவுக்கு இதெல்லாம் இல்லை என்று நிம்மதியாகப் பேப்பரை மடித்து வைத்திருப்பேன். அந்த நிம்மதிதான் ஆபத்து. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அப்பா தென்காசிப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சப் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நோய் வந்து ரொம்ப நாள் ஆன பிறகும் சுற்றுப்பட்டு ஊர்களின் பின்கோடை ஒன்று விடாமல் சொல்வார். யார் வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து மணியார்டர் வரும் என்பதுகூட ஞாபகம் இருந்தது. அப்படிப்பட்டவர் ஒரு சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டு, "திண்ணைல பிள்ளைய உக்காந்திருக்கு பாரு, அதுகளுக்கு ரெண்டு முறுக்கு எடுத்துக் குடு" என்றார். திண்ணையில் யாரும் இல்லை. அம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டாள். மறுநாளும் அதே பிள்ளைகள். மூன்று பேர், ஒருத்திக்குப் பச்சைப் பாவாடை. யாரும் பேசமாட்டார்கள், சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிறகு ஒரு பூனை வந்தது, அடுக்களையில் ஒரு பெரியவர் வந்து நின்றார், "யாரோ வந்திருக்காவ, காப்பி போடு" என்று சொல்வது வாடிக்கையானது. அவர் பயப்படவில்லை, பயந்தது நாங்கள்தான்.

ஊரில் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா? காத்துக் கருப்பு அடித்திருக்கும் என்றார்கள், வீட்டில் சின்ன வயதில் இறந்துபோன பிள்ளை யாராவது உண்டா என்று கேட்டார்கள், கோடங்கியிடம் கூட்டிப்போய்க் கயிறு கட்டினோம். அவர்களை நான் குறை சொல்லவில்லை. இப்படி ஒன்று நடந்தால் சொல்வதற்கு அவர்களிடம் இருந்த பேச்சு அதுதான். படித்த நாங்கள் மட்டும் என்ன சொன்னோம்? வயசாகிவிட்டது, புத்தி பேதலிக்கிறது என்றோம். 'மறதி நோய்' என்ற சொல் எங்களுக்கும் தெரியும், ஆனால் மறதியே இல்லாத மனுஷனிடம் அந்தச் சொல்லை எப்படிக் கொண்டுபோய் ஒட்டுவது? டிமென்ஷியா என்பதை மறதி நோய் என்று மட்டும் மொழிபெயர்த்து வைத்திருப்பதால்தான் மறதியில் தொடங்காத டிமென்ஷியா எங்கள் கண்ணுக்கே தட்டுப்படவில்லை. உங்கள் கட்டுரையிலும் முதலிலிருந்து கடைசி வரை அந்த ஒரு சொல்தான் இருந்தது.

அப்பாவுக்கு வந்திருப்பது லூயி பாடி டிமென்ஷியா. நரம்பு தளர்ந்து மூளை தேய்வதால் வரும் டிமென்ஷியாக்களில் அல்சைமருக்கு அடுத்தபடியாக அதிகம் பேருக்கு வருவது இதுதான் என்று மருத்துவ நூல்களில் போட்டிருக்கிறது. ஆல்ஃபா சைனூக்ளின் என்ற ஒரு புரதம் நரம்பு செல்களுக்குள் திரண்டு உருண்டையாகிவிடுகிறது. அந்த உருண்டைகளை ஃபிரெடரிக் லூயி என்ற ஜெர்மன் மருத்துவர் 1912-ல் பார்கின்சன் என்ற நடுக்குவாத நோயாளிகளின் மூளையில் பார்த்து எழுதினார். அல்சைமர் என்று ஒரு நோய்க்குப் பெயர் வைத்திருக்கிறோமே, அந்த அல்சைமர் டாக்டரின் மியூனிக் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான் இந்த லூயி. யூதர் என்பதால் 1933-ல் ஹிட்லர் வந்ததும் ஜெர்மனியை விட்டு ஓட வேண்டியதாகி, கடைசியில் அமெரிக்காவில் பிலடெல்ஃபியாவில் தங்கினார், 1950-ல் இறந்தார். தன் பெயரில் ஒரு டிமென்ஷியா வரப்போகிறது என்று அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அந்த உருண்டைகள் மூளையின் மேற்பரப்பு முழுக்கப் பரவினால் டிமென்ஷியா வரும் என்பதை ஜப்பானில் கென்ஜி கோசாகா என்ற மருத்துவர் 1976-லிருந்து தொடர்ந்து எழுதி நிறுவினார். இதை இன்னின்ன அறிகுறிகளை வைத்து அறியலாம் என்று உலக மருத்துவர்கள் கூடி முதல் வரையறையை வெளியிட்டது 1996-ல். அதைத் திருத்தித் திருத்தி 2017-ல் நான்காவது அறிக்கை வந்திருக்கிறது. அப்படியென்றால் இது புதிய நோய் இல்லை, நாம்தான் இதைப் பற்றிப் பேசுவது குறைவு.

அப்பாவுக்கு இது எப்போது தொடங்கியது என்று இப்போது திரும்பிப் பார்த்தால், பிள்ளைகள் திண்ணைக்கு வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பே தொடங்கியிருக்கிறது. தூக்கத்தில் கை காலை வீசி அடிப்பார், கத்துவார். ஒரு ராத்திரி அம்மாவின் கன்னத்தில் பலமான அடி விழுந்தது, எழுப்பிக் கேட்டால் கனவில் நாய் துரத்தியது என்றார். அன்றிலிருந்து அம்மா தனிப் பாய் போட்டுக்கொண்டாள், அதை ஒரு நோயாக யாரும் நினைக்கவில்லை. கனவு காணும்போது உடம்பு அசையாமல் இருப்பதற்கு மூளையில் ஒரு கட்டுப்பாடு இருக்கிறதாம், அது தளர்ந்துபோனால் கனவில் செய்வதை எல்லாம் உடம்பும் செய்துவிடும். அப்புறம் மோப்பம் போனது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தும் பால் தீய்வது தெரியவில்லை. மலச்சிக்கல். போஸ்ட் ஆபீஸில் எல்லோரும் மெச்சிய கையெழுத்து எறும்பு ஊர்கிற மாதிரிச் சின்னதாகிக்கொண்டே போனது. நடை மெதுவானது, திரும்பும்போது தடுமாறினார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு காரணம் சொல்லிக் கடந்துவிட்டோம்.

இன்னொன்றும் எங்களைக் குழப்பியது. காலையில் பென்ஷன் பாஸ்புக்கை வாங்கிக் கணக்குத் துல்லியமாகப் பார்ப்பார், மத்தியானம் பார்த்தால் எந்தக் கதவு வாசல், எந்தக் கதவு கொல்லை என்று தெரியாமல் நிற்பார், மறுநாள் மறுபடி தெளிவாக இருப்பார். வேண்டுமென்றே நடிக்கிறார் என்று என் சித்தப்பாவே சொன்னார். இப்படி ஏறி இறங்குவதும் இந்த நோயின் முக்கியமான அடையாளம் என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் அம்மாவைக் காட்டி, "இவ உன் அம்மா இல்லட்டி, அவளை மாதிரியே இருக்கிற வேற ஒருத்தி" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். அம்மா அதைக் கேட்டுவிட்டாள். ஐம்பது வருடம் கூட வாழ்ந்தவள், அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

மூன்று மருத்துவர்களிடம் போனோம். முதலில் சிடி ஸ்கேன், பிறகு எம்ஆர்ஐ. இரண்டிலும் வயதுக்கு ஏற்ற சுருக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. கண்ணில் கோளாறாக இருக்கும் என்று புரை ஆபரேஷன் செய்தோம், பார்வை நன்றாகவே தெளிந்தது, பிள்ளைகளும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தார்கள். பார்வை மங்கியவர்களுக்கும் இல்லாத உருவங்கள் தெரிவது உண்டு, சார்லஸ் போனே என்பவரின் பெயரால் அதை அழைக்கிறார்கள், ஆகவே கண்ணைச் சோதித்தது தப்பில்லை. ஆனால் அதோடு விட்டுவிட்டோம்.

பிறகுதான் அந்த ராத்திரி. அப்பாவுக்குக் காய்ச்சல், சிறுநீரில் தொற்று, ஒரே பிதற்றல், கட்டிலை விட்டு எழுந்து எழுந்து ஓடுகிறார். ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அமைதிப்படுத்த ஒரு ஊசி போட்டார்கள், ஹாலோபெரிடால். அவர்களுக்கு வேறு எதுவும் தெரியாது, எங்களுக்கும் சொல்லத் தெரியாது. விடிந்து பார்த்தால் அப்பா மரக்கட்டை மாதிரிக் கிடக்கிறார். கையை மடக்க முடியவில்லை, வாய் திறக்கவில்லை, எச்சிலைக்கூட விழுங்க முடியவில்லை. பதினோரு நாள் மூக்கில் குழாய் வைத்துத்தான் கஞ்சி போனது. அதற்கு முன் தானாக நடந்து பாத்ரூம் போனவர், அதற்குப் பிறகு ஆள் பிடிக்காமல் நடந்ததில்லை.

இங்கிலாந்தில் நியூகாசில் மருத்துவர்கள் 1992-லேயே இதை எழுதி வைத்திருக்கிறார்கள். லூயி வகை டிமென்ஷியா உள்ளவர்களில் இந்த மாதிரி மருந்து பெற்றவர்களைப் பார்த்தபோது, ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கடுமையான எதிர்விளைவு வந்திருந்தது, அவர்கள் சீக்கிரம் இறக்கவும் செய்தார்கள். எங்கள் வீட்டுக்கு அந்தச் செய்தி வந்து சேர முப்பது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது, அதுவும் ஊசி உள்ளே போன பிறகு.

அந்தப் பதினோரு நாளில் அங்கே டூட்டிக்கு வந்த ஒரு இளம் நரம்பியல் மருத்துவர்தான் முதன்முதலாக எங்களை உட்கார வைத்து, அப்பா தூக்கத்தில் கை காலை வீசுவாரா, ஏதாவது உருவங்கள் தெரிகிறது என்பாரா என்று கேட்டார். அம்மா அழுதுவிட்டாள். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். கேள்விகளை வைத்தே எனக்கு இது லூயி பாடி என்றுதான் படுகிறது, உங்கள் வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறீர்கள், ஒரு பெட் ஸ்கேன் பார்த்துவிட்டால் தெளிவாகும் என்றார்.

பெட் ஸ்கேன் என்றால் நம் ஊரில் எல்லோருக்கும் புற்றுநோய்தான் ஞாபகம் வரும். எங்களுக்கும் அப்படித்தான், அப்பாவுக்கு கேன்சரா என்று கேட்டு உறவுக்காரர்கள் போன் மேல் போன். மூளைக்கும் அதே ஸ்கேன் எடுக்கலாம். மூளை உடம்பு எடையில் இரண்டு சதவீதம்தான், ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறக்குறைய இருபது சதவீதத்தை அதுவே தின்கிறது, அதற்கு முக்கியத் தீனி குளுகோஸ். அந்தக் குளுகோஸ் மாதிரியே இருக்கிற, கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த ஒரு பொருளை நரம்பில் ஏற்றுகிறார்கள், எஃப்டிஜி என்று சுருக்கிச் சொல்கிறார்கள். செல் அதைச் சர்க்கரை என்று நினைத்து உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஆனால் முழுக்கச் செரிக்க முடியாது, அது உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. எந்த இடம் எவ்வளவு இழுத்தது என்பதை அதிலிருந்து வரும் கதிரை வைத்து மெஷின் படமாக்குகிறது. சிடியும் எம்ஆர்ஐயும் வீட்டின் சுவரைக் காட்டும், பெட் ஸ்கேன் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று காட்டும். அப்பாவின் தலைக்குள் சுவரெல்லாம் நன்றாகத்தான் நின்றது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் அல்சைமரில் சுருங்குகிற அளவுக்கு இந்த நோயில் சுருங்குவதில்லை, அதனால் எம்ஆர்ஐ பெரும்பாலும் ஏமாற்றிவிடும்.

மதுரைக்குக் கூட்டிப்போனோம். காலையிலிருந்து பட்டினி, தண்ணீர் மட்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் படம் கெட்டுவிடும் என்று விரலில் குத்திப் பார்த்தார்கள். அந்த மருந்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது, 110 நிமிடத்தில் வீரியம் பாதியாகக் குறைந்துவிடும், அதனால் வண்டியில் மருந்து வந்து இறங்கியதும் ஒவ்வொருவராக அவசரமாக அழைக்கிறார்கள். ஊசி போட்டு அரைமணி நேரம் விளக்கை மங்கலாக்கிய ஒரு அறையில் பேசாமல் இருக்க வேண்டும், ஏனென்றால் பேசினால் பேசும் பகுதி சர்க்கரையை இழுக்கும், படித்தால் படிக்கும் பகுதி இழுக்கும். நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். அப்பா மூலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கே யாரோ இருந்திருக்கிறார்கள். பேசக்கூடாது என்று சொல்லியிருந்ததால் என்னைப் பார்த்து விரலால் மட்டும் காட்டினார்.

எங்களுக்கு 18,000 ரூபாய் ஆனது. அம்மாவின் பென்ஷன் கிடையாத வீட்டில் அது சின்னத் தொகை இல்லை.

படத்தை அந்த மருத்துவர் திரையில் போட்டுக் காட்டியதை நான் இன்னும் மறக்கவில்லை. பக்கத்தில் நலமான ஒருவரின் மூளை. அதிகம் வேலை செய்யும் இடம் சிவப்பு, மஞ்சள், குறைந்த இடம் பச்சை, நீலம். கண் திறந்திருக்கும் நல்ல மூளையில் பின்பக்கம், பிடரிக்கு நேராக உள்ள பகுதி, நன்றாகச் சிவந்திருந்தது. கண் பார்ப்பதையெல்லாம் வாங்கிக் காட்சியாக்கும் இடம் அதுதான், பிடரி மடல். அப்பாவுக்கு அந்த இடம் இரண்டு பக்கமும் நீலமாகக் கிடந்தது. கண்ணில் குறை இல்லை, கண் அனுப்புவதை வாங்கும் இடம் மந்தமாகிவிட்டது என்றார் அவர். வருகிற காட்சி அரைகுறையாக இருக்கும்போது, மிச்சத்தை மூளை தன் கையிருப்பிலிருந்து போட்டு நிரப்பிக்கொள்கிறது, நிழலுக்கு ஒரு பிள்ளை, சுருட்டி வைத்த பாய்க்கு ஒரு பூனை. அசெட்டில்கோலின் என்ற ரசாயனம் இந்த நோயில் அல்சைமரைவிடவும் மோசமாகக் குறைகிறது, கவனத்தைப் பிடித்து நிறுத்துவதே அதுதான், அதுவும் இல்லாதபோது எது நிஜம் எது நிரப்பியது என்று பிரித்துப் பார்க்க ஆளில்லாமல் போகிறது. எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன்.

அல்சைமர் என்றால் காதுக்கு மேலும் பின்னும் உள்ள பக்கவாட்டுப் பகுதிகளும், நடுவில் உள்ளே இருக்கும் பின் சிங்குலேட் என்ற இடமும் முதலில் மங்கும், பிடரி பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். லூயி பாடியில் பக்கவாட்டும் மங்குகிறது, பிடரியும் மங்குகிறது, ஆனால் பின் சிங்குலேட் மட்டும் ஓரளவு பிழைத்து நிற்கிறது. சுற்றிலும் நீலம், நடுவில் ஒரு சின்ன மஞ்சள் திட்டு. இதற்கு மருத்துவர்கள் சிங்குலேட் தீவு அடையாளம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், 2009-ல் வெளிவந்த ஒரு ஆய்விலிருந்து இந்தப் பெயர் பிரபலமானது. அப்பாவின் படத்தில் அந்தத் தீவு இருந்தது. அம்மா திரைக்குக் கிட்டே போய் அந்த நீல இடத்தைத் தொட்டுப் பார்த்து, "இங்கனதான் அந்தப் பிள்ளைய இருக்கா?" என்று கேட்டாள். மருத்துவர் ஆமாம் என்றார்.

அன்றைக்கு மதுரையிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நடிக்கிறார் என்று யாரும் அதற்குப் பிறகு சொல்லவில்லை. சித்தப்பா போனில் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அந்த ஸ்கேனால் நோய் குணமாகவில்லை, எங்கள் வீட்டில் சந்தேகம் தீர்ந்தது, அதுவும் எங்களுக்குப் பெரிய விஷயம்தான்.

ஆனால் இதைப் படித்துவிட்டு எல்லோரும் பெட் ஸ்கேனுக்கு ஓட வேண்டாம், அதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். 2017 அறிக்கையின்படி, யோசிக்கும் திறன் போய்க்கொண்டிருக்கும் ஒருவரிடம் நான்கு முக்கிய அறிகுறிகளைப் பார்க்கிறார்கள்: ஏறி இறங்கும் தெளிவு, திரும்பத் திரும்ப வரும் மாயக்காட்சி, தூக்கத்தில் கனவை நடித்துக்காட்டுவது, நடுக்குவாதத்தில் வருவதுபோன்ற மெதுவான அசைவு, இறுக்கம் அல்லது நடுக்கம். இதில் இரண்டு இருந்தாலே இந்த நோயாகத்தான் இருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிடலாம். பிடரி மங்கிய பெட் ஸ்கேனுக்கு அந்த அறிக்கையில் துணைச் சான்று என்ற இடம்தான். அதைவிட வலுவான சான்றாகச் சொல்வது மூளையில் டோபமின் கடத்தும் பொருளைப் பார்க்கும் ஸ்கேன், இதயத்துக்குப் போகும் நரம்புகளைப் பார்க்கும் எம்ஐபிஜி ஸ்கேன், தூக்க ஆய்வு ஆகியவற்றை. எல்லா நோயாளிக்கும் தீவு அழகாகத் தெரியும் என்பதும் இல்லை, நிறையப் பேருக்கு அல்சைமர் மாற்றங்களும் சேர்ந்தே இருக்கும், அப்போது படம் கலங்கிவிடும். அப்பாவுக்கு நான்கில் நான்கும் இருந்தது. யாராவது பத்து நிமிடம் ஒதுக்கிக் கேட்டிருந்தால், ஒரு பைசா செலவில்லாமல், அந்த ஊசிக்கு முன்பே தெரிந்திருக்கும்.

வசதி இருந்தால் மட்டும் கண்டுபிடித்துவிட முடியும் என்றும் இல்லை. ஹாலிவுட் நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014-ல் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குச் சில மாதங்கள் முன்பு அவருக்குப் பார்கின்சன் என்று சொல்லியிருந்தார்கள், இறந்த பிறகு மூளையைப் பரிசோதித்தபோதுதான் லூயி உருண்டைகள் எங்கும் பரவியிருந்தது தெரிந்தது. அவர் மனைவி 2016-ல் ஒரு நரம்பியல் இதழில், மருத்துவர்களை நோக்கியே, தங்கள் வீட்டில் நடந்ததை எழுதினார். அதை நான் மொழிபெயர்ப்புக் கருவி வைத்துப் படித்தேன், பாதி எங்கள் வீட்டுக் கதை.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு சொல்கிறது. அதில் திண்ணையில் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள் எத்தனை வீட்டில், காத்துக் கருப்பு என்று கயிறு கட்டிக்கொண்டு எத்தனை வீட்டில் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

மருந்து பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைத்தான் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. இந்த நோய்க்கு உதவும் மருந்து இருக்கிறது. டோனெபெசில், ரிவாஸ்டிக்மின் இரண்டும் அசெட்டில்கோலின் சீக்கிரம் சிதையாமல் காப்பவை, ஜப்பானில் 2014-லேயே டோனெபெசிலை இந்த நோய்க்கென்றே அனுமதித்துவிட்டார்கள். அப்பாவுக்கு ரிவாஸ்டிக்மின் கொடுக்க ஆரம்பித்து இரண்டு மாதத்தில் பிள்ளைகள் வருவது குறைந்தது, முழுக்க நிற்கவில்லை. எல்லோருக்கும் இவ்வளவு பலன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மறுபக்கம், அந்த அசெட்டில்கோலினையே தடுக்கும் மருந்துகள் நம் வீட்டு டப்பாக்களில் சாதாரணமாகக் கிடக்கின்றன. அரிப்புக்கும் சளிக்கும் போடும் அவில், அடிக்கடி சிறுநீர் போவதற்குக் கொடுக்கும் ஆக்ஸிபியூட்டினின், கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்ஸிஃபெனிடில். இவை இந்த நோயாளிகளின் குழப்பத்தைக் கூட்டும். அப்பாவுக்கு நடுக்கம் என்று ஒரு மருத்துவர் எழுதிக்கொடுத்து, நான் கடைசியாகச் சொன்ன அந்த மாத்திரையை எட்டு மாதம் கொடுத்திருக்கிறோம், அந்த எட்டு மாதமும்தான் வீட்டில் கூட்டம் அதிகம். நடுக்குவாதத்துக்கான லெவோடோபா இறுக்கத்தைக் குறைக்கும், மாயக்காட்சியைக் கூட்டவும் கூட்டும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கிறார்கள். எதையும் நீங்களாக நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம், ஆனால் மருந்துச் சீட்டை எடுத்துப்போய் மருத்துவரிடம் கேட்கலாம் இல்லையா, அதற்குப் பெயர்கள் தெரிய வேண்டும். அந்தப் பெயர்களைத் தமிழ்ப் பத்திரிகையில் தமிழ் எழுத்தில் போட்டால்தானே அம்மாவைப் போன்றவர்களுக்குத் தெரியும்?

வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்டது கொஞ்சம். சாயங்காலம் ஆறு மணிக்கு முன்பே எல்லா விளக்கையும் போட்டுவிடுவோம். கொடியில் வேட்டி தொங்கவிடுவதில்லை, இரவில் அது ஆளாகிவிடும். பூப்போட்ட திரைச்சீலையை மாற்றினோம், கண்ணாடியை மூடி வைத்தோம். பிள்ளைகள் வந்திருக்கிறார்கள் என்றால் இல்லை என்று சண்டை போடுவதில்லை, எனக்குத் தெரியலப்பா, உங்களுக்குத் தெரியுதா, பயமா இருக்கா என்று கேட்போம். பெரும்பாலும் பயம் இல்லை என்பார். அம்மாதான் இதில் எங்கள் எல்லோரையும்விடக் கெட்டிக்காரி ஆகிவிட்டாள். "அதுக வீட்டுல தேடுவாவ, விளக்கு வச்ச பிறகு போயிருவாவ" என்று சொல்லிவிட்டுச் சோறு பிசைந்து ஊட்டுவாள், அப்பாவும் சரி என்று சாப்பிடுவார்.

திடீரென்று ஒரே நாளில் குழப்பம் கூடினால் இப்போது நாங்கள் நோய் முற்றிவிட்டது என்று உட்கார்ந்து அழுவதில்லை. காய்ச்சலா, சிறுநீர்த் தொற்றா, நாலு நாளாக வயிறு போகவில்லையா, புதிதாக ஏதாவது மாத்திரையா என்று பார்க்கிறோம். பெரும்பாலும் அதில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஒன்று, அடுத்த முறை டிமென்ஷியா பற்றி எழுதும்போது தலைப்பில் மறதி என்று போட்டாலும் உள்ளே இந்த நோய்க்கு ஒரு பத்தியாவது கொடுங்கள், மூளையின் அந்த நீலப் படத்தையும் போடுங்கள், படம் சொல்கிற அளவுக்கு நான் எழுதினது சொல்லாது. இன்னொன்று, அமெரிக்காவில் லூயி பாடி டிமென்ஷியா சங்கம் என்று ஒன்று இருக்கிறது, அவர்கள் நோயாளிகள் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள ஒரு சின்ன எச்சரிக்கை அட்டை கொடுக்கிறார்கள். தமிழில் அப்படி ஒன்று எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் எங்கள் நரம்பியல் மருத்துவரிடம் காட்டித் திருத்தி வாங்கி, நானே எழுதி, லேமினேட் செய்து அப்பாவின் சட்டைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். அதை அப்படியே கீழே தருகிறேன். ஒரு கட்டம் கட்டிப் போட்டீர்களென்றால் வேண்டியவர்கள் வெட்டி எடுத்துக்கொள்வார்கள்.

"எனக்கு லூயி பாடி டிமென்ஷியா இருக்கிறது. ஹாலோபெரிடால் ஊசியோ மாத்திரையோ எனக்குத் தரவேண்டாம், உயிருக்கே ஆபத்தாகலாம். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு வேண்டாம். நான் திடீரென்று குழம்பிப் போயிருந்தால் முதலில் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி இவற்றைப் பாருங்கள். இல்லாத ஆட்கள் எனக்குத் தெரிவார்கள், அதற்காக என்னைக் கட்டிப்போட வேண்டாம். உடனே இந்த எண்ணில் கூப்பிடுங்கள்."

அதற்குக் கீழே என் கைபேசி எண் இருக்கிறது. அச்சிடும்போது அந்த இடத்தைக் காலியாக விட்டுவிடுங்கள், அவரவர் வீட்டு எண்ணை எழுதிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்.